ஆயா அளந்த நூல்

என் அம்மா மாதாவுக்கு வாக்குக் கொடுத்தார். நிறைவேற்றும் முன்பே கண்ணை மூடிவிட்டார். அதனால் இந்த பிப்ரவரி 11, லூர்து மாதா திருநாளன்று விடியற்காலை மூன்றரை மணிக்கு, இராயபுரம் இராயப்பர் கோயில் வாசலில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, நானும் என் மகனும் பெரம்பூர் லூர்து மாதா கோயிலுக்கு நடக்கத் தொடங்கினோம். ஆறேழு கிலோமீட்டர் இருக்கும். என் தோளில் பழைய போர்வையில் சுற்றிய மெழுகுவர்த்தி. மகன் உயரத்துக்கு என்றுதான் பொருத்தனை. ஆனால் அவன் உயரத்தைவிட அது நான்கு விரற்கடை குறைவு.

2024 அக்டோபரில் அவனுக்கு வயிற்றுப்போக்கு வந்து, நான்கு நாளில் நின்றது. நாங்கள் அதை மறந்தும் போனோம். இரண்டு வாரம் கழித்து ஒரு காலை, பள்ளிக்குக் கிளம்பியவன் வாசலில் நின்று, "அப்பா, தரை பஞ்சு மாதிரி இருக்கிறது" என்றான். மாலையில் அவனால் மாடிப்படி ஏற முடியவில்லை. மறுநாள் எழுந்து நிற்க முடியவில்லை. மருத்துவமனையில் டாக்டர் முழங்காலுக்குக் கீழே சின்ன ரப்பர் சுத்தியலால் தட்டினார். கால் அசையவில்லை. மறுபடி தட்டினார். பதினைந்து வயதுப் பையனின் கால், மரக்கட்டைபோல் கிடந்தது.

கில்லன்-பாரே என்று நோயின் பெயர் சொன்னார்கள். கிருமியோடு சண்டை போடக் கிளம்பிய உடம்பின் படை, வழி தவறித் தன் நரம்புகளையே தாக்கும் நோய். பாதத்தில் தொடங்கி மேலே ஏறும். நெஞ்சு வரை ஏறினால் செயற்கைச் சுவாசம் வைக்க வேண்டும் என்று சொல்லி ஒரு தாளில் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். ஐந்து நாள் தொடர்ந்து இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தை ஏற்றினார்கள்.

நான்காம் நாள் இரவு அம்மா வந்தார். காசிமேட்டில் நாற்பது வருடம் மீன் விற்றவர். யாரிடமும் கெஞ்சிப் பேசி நான் கண்டதில்லை. இடுப்பிலிருந்த சுருக்குப் பையைத் திறந்து, பூக்கட்டும் வெள்ளை நூலை எடுத்து, ஒரு முனையைப் பேரனின் குதிகாலில் வைத்து, மறுமுனையை உச்சந்தலை வரை இழுத்தார்.

"என்ன ஆயா செய்கிறாய்?" என்றான் அவன்.

"அளவு எடுக்கிறேன் ராசா. நீ எழுந்து நடந்தால் உன் உயரத்துக்கு வத்தி கொண்டுவருகிறேன், நம் கோயிலிலிருந்து வெறுங்காலோடு நடந்து வருகிறேன் என்று பெரம்பூர் மாதாவிடம் சொல்லியிருக்கிறேன்."

நூலின் இரு முனையிலும் முடிச்சுப் போட்டு, மடித்து, செபமாலைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்பது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம்.

நோய் நெஞ்சுக்கு ஏறவில்லை. பத்தாம் நாள் கட்டைவிரல் அசைந்தது. கடந்த ஆண்டு திருவிழாவின்போது அவன் கம்பி வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நான்கு அடி வைத்துக்கொண்டிருந்தான். ஜூனில் தனியாகத் தெருவில் நடந்தான். "உடனே போய்விடலாம் அம்மா" என்றேன். "திருவிழா அன்றைக்கு என்று சொன்னேன், திருவிழா அன்றைக்குத்தான்" என்று மறுத்துவிட்டார். நவம்பரில், கல்லறைத் திருநாள் முடிந்த அதே வாரம், மூளையில் இரத்தம் கசிந்து விழுந்தார். ஆறு நாள் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து நான் செபமாலை சொன்னேன். அதே மாதா, அதே செபமாலை. அம்மா எழுந்திருக்கவில்லை.

சாமான்களை ஒதுங்கவைத்தபோது அந்த நூல் கிடைத்தது. மெழுகுவர்த்தி செய்பவரிடம் அதைக் கொடுத்தேன். "பையன் இதற்குள் வளர்ந்திருப்பானே, எந்த அளவுக்குச் செய்ய?" என்று கேட்டார். வீட்டில் நிறுத்தி அளந்து பார்த்தால் நான்கு விரற்கடை வித்தியாசம். மகன்தான் முடிவு சொன்னான்: "ஆயா அளந்ததே இருக்கட்டும்."

புதன்கிழமை என்பதால் வழியெல்லாம் செபமாலையில் அன்றைக்குரிய மகிமை மறையுண்மைகளைச் சொல்லிக்கொண்டு போனோம். முதலாவதே ஆண்டவரின் உயிர்ப்பு. பழைய வண்ணாரப்பேட்டையைத் தாண்டும் வரை வாய் செபத்தைச் சொன்னது. மனம் வேறொன்றோடு மல்லுக்கட்டியது. சில மாதங்களாக என்னை இரண்டு பேர் இரண்டு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். உடன் வேலை செய்பவர் ஒருவர், நல்ல மனிதர், இரவில் எங்களோடு ஆஸ்பத்திரியில் படுத்தவர், கேட்டார்: "மருந்து ஏற்றினார்கள், பையன் பிழைத்தான். இதில் மாதா எங்கே வந்தார்?" பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் சுகமளிக்கும் கூட்டங்களுக்குத் தவறாமல் போகிறவர். அம்மாவின் அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் வந்து, "இன்னும் கொஞ்சம் விசுவாசம் இருந்திருந்தால் அம்மாவும் எழுந்திருப்பார்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். முதல் கேள்வி எனக்கு வலிக்கவில்லை. இரண்டாவது பேச்சு இன்றுவரை முள்ளாகக் குத்துகிறது.

புதுமை, அதாவது அற்புதம், நடக்குமா என்ற கேள்வி எனக்கு இல்லை. கல்லறையிலிருந்து ஆண்டவர் எழுந்தார் என்று நம்பித்தான் நான் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறேன். அதை நம்புகிறவன், ஒரு பையனின் கால் நரம்பைக் கடவுளால் சரிசெய்ய முடியுமா என்று சந்தேகப்படுவதில் பொருள் இல்லை. ஆனால் நடந்தது எதையெல்லாம் புதுமை என்று சொல்லலாம்? இதில் நம் திருச்சபை காட்டுகிற நிதானத்தை அம்மா இறந்த பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். மாதா காட்சி கொடுத்த பிரான்சின் லூர்து நகரில் 1883 முதல் ஒரு மருத்துவ அலுவலகம் இருக்கிறது. குணமடைந்தேன் என்று வருகிறவரின் பழைய மருத்துவப் பதிவுகளைக் கேட்பார்கள். நோய் கடுமையானதா, தானாகத் தீரக்கூடியதா, ஏதாவது மருந்து வேலை செய்ததா, குணம் சட்டென்று வந்ததா, முழுமையாக வந்ததா, நிலைத்ததா என்று வருடக்கணக்கில் பார்ப்பார்கள். நம்பிக்கையில்லாத மருத்துவரும் அந்த ஆய்வில் கலந்துகொள்ளலாம். ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் குணமடைந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆயர்கள் (பிஷப்புகள்) புதுமை என்று அறிவித்தவை 72. அந்த அளவுகோலில் என் மகனின் வழக்கு முதல் நாளே தள்ளுபடியாகிவிடும். மருந்து கொடுக்கப்பட்டது. நோயும் பெரும்பாலானவர்களுக்கு மெல்லக் குணமாகிற நோய். இதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். மருந்து ஏற்றிய கைகளுக்கும் சேர்த்துத்தான் நான் நன்றி சொல்லப் போனேன். நோயும் மருந்தும் மாதாவுக்கு எட்டாத இடத்தில் இருக்கின்றன என்று என் அம்மா ஒருநாளும் நினைத்ததில்லை.

பக்கத்துத் தெரு அண்ணனுக்கு என்ன பதில்? பெர்னதெத்தைத்தான் காட்டுவேன். 1858இல் மசபியேல் குகையில் பதினெட்டு முறை மாதாவைப் பார்த்த சிறுமி. தன் கையால் சேற்றைத் தோண்டி அந்த ஊற்றைத் திறந்தவர். ஊருக்கெல்லாம் தண்ணீர் சுகம் கொடுத்தது. அவருக்கோ ஆஸ்துமா தீரவில்லை; பிறகு எலும்பில் காசநோய். முப்பத்தைந்து வயதில் கன்னியர் மடத்தில் இறந்தார். "இவ்வுலகில் உன்னை மகிழ்விப்பதாக வாக்களிக்கவில்லை, மறுவுலகில்தான்" என்பதே மாதா அவரிடம் சொன்னது. பெர்னதெத்துக்கு விசுவாசம் போதவில்லை என்று யாராவது சொல்வார்களா? பிறகு எப்படி என் அம்மாவைப் பற்றிச் சொல்லத் துணிகிறார்கள்?

மூலக்கொத்தளம், வியாசர்பாடி எல்லாம் இருட்டிலேயே கடந்தன. சரளைக்கல்லும் உடைந்த நடைபாதையுமாகப் பாதம் எரிந்தது. பையனை அடிக்கடி திரும்பிப் பார்த்தேன். அவன் பேசாமல் நடந்தான்.

பேப்பர் மில்ஸ் சாலைக்குள் நுழைந்தபோது வெளிச்சம் வந்துவிட்டது. கூட்டமும் வந்துவிட்டது. மஞ்சள் சேலைப் பெண்கள், மொட்டையடித்த குழந்தைகள், குங்குமப் பொட்டோடு வந்த குடும்பங்கள். பெரம்பூர் மாதா எல்லாருக்கும் மாதா, அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் சாலையோர வியாபாரிகள் படுத்தும் பாடு தாங்கவில்லை. ஒருவர் என் கையைப் பிடித்து இழுத்து, "கால் பொருத்தனையா? மெழுகுக் கால் வைக்காமல் போனால் நேர்ச்சை சேராது" என்று பயமுறுத்துகிறார். மகன் காலைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்! ஐம்பது ரூபாய்க்காக ஒரு தகப்பனின் பயத்தில் கைவைப்பது பாவம் இல்லையா? இன்னொருவர் வரிசையில் முன்னே விடுவதாகப் பணம் கேட்டார். உள்ளே மாதா குகையான கெபியின் முன்னால் எல்லாக் கைகளிலும் செல்போன். ஒரு பெரியவர் முழந்தாளிட இடமில்லாமல் நின்றுகொண்டே அழுதார்.

மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்தோம். செபித்தோம். சொல்ல நினைத்தது எதுவும் எனக்கு வரவில்லை. "வந்துவிட்டோம் தாயே, அம்மா சொன்னபடி வந்துவிட்டோம்" என்பது மட்டும் வந்தது.

திரும்பியபோதுதான் அந்தத் தாயைப் பார்த்தேன். இடுப்பில் எட்டு ஒன்பது வயதுப் பெண்குழந்தை. அந்த வயதில் இடுப்பில் உட்கார்கிற குழந்தை என்றால் கால்களைப் பார்க்க வேண்டியதே இல்லை. எங்கள் வத்தியைப் பார்த்துவிட்டு, "யாருக்கு?" என்று கேட்டார். மகனைக் காட்டினேன். நடக்க முடியாமல் இருந்தான் என்று சொன்னபோது என் குரல் எனக்கே கூச்சமாக இருந்தது. பசித்தவர் எதிரில் சோற்றுப் பானையைத் திறந்து வைத்ததுபோல.

அவர் முகம் மலர்ந்தது. பொய்யில்லாத மலர்ச்சி. "இவளுக்குப் பிறந்ததிலிருந்தே இப்படி. வருடா வருடம் வருகிறோம்" என்றார். பிறகு மகனிடம், "தம்பி, மேல்கோயில் வரைக்கும் இவளைக் கொஞ்சம் தூக்கி வருவாயா? கீழே கும்பிட்டுவிட்டுப் போய்விடுவோம் எப்போதும். இவள் வளர்ந்துவிட்டாள், ஏற்றத்தில் எனக்கு முடியவில்லை" என்றார்.

நான் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். இவன் அதற்குள் குனிந்து முதுகைக் காட்டிவிட்டான். குழந்தை அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டது. குனிந்த நிலையிலிருந்து, முதுகில் சுமையோடு, எதையும் பிடிக்காமல் எழுந்தான். எட்டு மாதத்துக்கு முன் நாற்காலியிலிருந்து எழுவதற்கே மேசையைப் பிடித்த பையன். என் உயிர் தொண்டைக்கு வந்தது.

ஏறும்போது ஒரு முறை நின்றான். கெண்டைக்கால் நடுங்குவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். "கொடு, நான் வாங்கிக்கொள்கிறேன்" என்றேன். "வேண்டாம் அப்பா" என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டு மறுபடி ஏறினான். கப்பர்நாகூமில் நான்கு பேர் ஒரு முடக்குவாதக்காரனைத் தூக்கிவந்து, கூரையைப் பிரித்து இறக்கினார்கள். ஆண்டவர் 'அவர்களுடைய' நம்பிக்கையைக் கண்டு அவனிடம் பேசினார் என்றிருக்கிறது. படுத்திருந்தவன் என்ன நம்பினான் என்று ஒரு சொல்லும் இல்லை. எத்தனையோ முறை திருப்பலியில் கேட்ட பகுதி. என் மகன் அன்று படுக்கையில் செபிக்கவில்லை. பயத்தில் சுவரைப் பார்த்துக் கிடந்தான். கட்டிலின் மூலையைப் பிடித்தவர் அம்மா. கூரையைப் பிரித்தவரும் அவர்தான்.

மேல்கோயிலில் நற்கருணைப் பேழைக்கு நேராக உள்ள பெஞ்சில் குழந்தையை இறக்கினான். அது தலையை அண்ணாந்து கூரையைப் பார்த்தது, பிறகு வண்ணக் கண்ணாடியைப் பார்த்தது, "அம்மா, இவ்வளவு பெரிதா!" என்றது. அந்தத் தாய் முழந்தாளிட்டுக் கொண்டு அழவில்லை, எதுவும் கேட்கவும் இல்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் அடக்க முடியவில்லை. அம்மா இறந்த பிறகு தேங்கிக் கிடந்ததெல்லாம் அங்கே, யாரோ ஒருவருடைய குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, வந்து தீர்ந்தது. தாயே, உமக்கு நன்றி. என் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டதற்கு நன்றி சொல்ல இன்னும் எனக்கு வாய் வரவில்லை; அதற்கும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் இவனுக்காக நன்றி, அந்த ஐந்து நாள் மருந்துக்காக நன்றி, தள்ளுவண்டியில் கஞ்சி கொண்டுவந்து ஊட்டிய ஆயம்மாவுக்காக நன்றி, அம்மாவின் இடுப்பிலிருந்த நூலுக்காக நன்றி.

அன்று உலக நோயாளர் நாள். லூர்து அன்னையின் திருநாளையே திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1992இல் அதற்குத் தேர்ந்தெடுத்தார். நோயாளர்களுக்கான மன்றாட்டு வந்தபோது அந்தக் குழந்தையின் பெயரைக் கேட்டு வாங்கிச் சேர்த்துச் சொன்னோம். இனி வீட்டுச் செபத்திலும் அந்தப் பெயர் உண்டு. அவளுக்குக் கால் வரும் என்று நான் வேண்டுகிறேன். நடக்கும் என்று முழுமனதாக நம்பித்தான் வேண்டுகிறேன். வராமல் போனால் அவள் தாயின் விசுவாசத்தை எடைபோட யாருக்கும் உரிமை இல்லை.

கீழே அவளை மறுபடி இடுப்பில் ஏற்றிவிட்டு, விடைபெற்று, பஸ் ஏறினோம். திரும்பி நடக்க வேண்டும் என்று அம்மா சொல்லவில்லை.

வீட்டில் அவன் காலைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு குதிகாலிலும் கொப்புளம். வலது பாதத்தில் ஒரு கண்ணாடிச் சில்லு கீறியிருந்தது. ஒன்றேகால் வருடத்துக்கு முன் இதே பாதத்தில் ஊசி முனையை வைத்து டாக்டர் "தெரிகிறதா, தெரிகிறதா?" என்று கேட்டபோது அவன் தலையை ஆட்டி ஆட்டி இல்லை என்றான். வெந்நீரில் கல்லுப்பைப் போட்டுப் பாதத்தை மெல்ல அமிழ்த்தினேன்.

"ஐயோ அப்பா, எரிகிறது!" என்று கத்தினான்.

அம்மாவின் படத்துக்குக் கேட்கும்படி, இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.