தேக்குப் பலகையில் தோசைக்கல் வட்டம்

ஒன்றரை மாதமாக என்னை முறைத்துக்கொண்டிருந்த கறுப்பு வட்டம் போன வாரம் போய்விட்டது. அடுப்படி மேடையின் தேக்குப் பலகையில், சிங்குக்கு வலது பக்கம், அம்மா கழுவின ஈரத்தோடு இரும்புத் தோசைக்கல்லைக் கவிழ்த்து வைத்ததில் ஒரே ராத்திரியில் விழுந்த முத்திரை. யாங்கோனில் ஆடி மாத மழைக்கு எது காய்கிறது?

முதலில் சூட்டுத் தழும்பு என்று நினைத்து, 80 நம்பர் உப்புத்தாளால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தேய்த்தேன். வட்டம் அப்படியே இருந்தது, இப்போது ஒரு சின்னப் பள்ளத்துக்குள். பழைய வீடு இடித்த இடத்தில் வாங்கிய பலகை அது. ஆணி ஓட்டைகளைச் சுற்றியும் இதே கறுப்பு. அதைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. தேக்கில் இருக்கும் டேனின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்த கறை இது. தேய்த்தால் போகாது, ஆக்ஸாலிக் அமிலம் வேண்டும். தெய்ன்ஜி ஜே சந்தைக்குப் பக்கத்துச் சந்தில், துருக்கறை எடுக்கும் வெள்ளைப் பொடி என்று பர்மியில் கேட்டதும் இரண்டாவது கடையில் எடுத்துக் கொடுத்தார்கள்.

வெந்நீரில் கரைத்துத் தடவினேன். தாமரை இலைத் தண்ணீர்தான். பலகை பல வருஷம் குடித்த எண்ணெய் அமிலத்தை உள்ளே விடவில்லை. மேல்பூச்சை முழுக்கச் சுரண்டி எடுக்காமல் வேலை நடக்காது. உப்புத்தாள் எண்ணெயில் பிசுபிசுத்து அடைத்துக்கொள்கிறது. அப்படித்தான் மரத்தை மெல்லிசாகச் சீவும் சுரண்டு தகட்டில் போய் விழுந்தேன்.

தகடு, உடைந்த கைரம்பத்தில் வெட்டிய துண்டு. அதில் வெட்டுவது விளிம்பில் நூல் மாதிரி வளைந்து நிற்கும் பிசிறு மட்டும்தான். அந்தப் பிசிறை வரவழைக்கத்தான் மூன்று வாரம் போனது. விளிம்பை அரத்தால் சரியாக 90 பாகைக்கு ராவ வேண்டும். அப்புறம் கல்லில் தீட்டி, அரம் போட்ட கோடு தெரியாமல் கண்ணாடி மாதிரி ஆக்க வேண்டும். நான் இந்தப் படியைத் தாண்டிக் குதித்ததால்தான் வெறும் தூள் வந்தது. பிறகு, தகட்டைவிடக் கடினமான உருண்டைக் கம்பியால் விளிம்பை அழுத்தி இழுத்து, பிசிறை ஒரு பக்கம் வளைக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவர் தண்டில் முயன்றேன்; தண்டுதான் கீறிப்போனது. எங்கள் தெருவில் தச்சு வேலை செய்யும் சயா (பர்மியில் ஆசான்) என் தகட்டை நகத்தால் ஒரு தடவை தடவிவிட்டு, ஒன்றும் பேசாமல், கார் எஞ்சினிலிருந்து எடுத்த வால்வு ஒன்றைக் கையில் திணித்தார். அதன் தண்டு வழவழப்பு. லேசான சாய்வில் இரண்டே இழுப்பு, நகம் பிசிறில் மாட்டியது. பலகையில் வைத்துத் தள்ளினேன், வெங்காயத் தோல் மாதிரி சுருள் சுருளாக வந்தது! அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "குப்பையை யார் கூட்டுறது?" என்றார்கள்.

ஒரு எச்சரிக்கை: தகடு சூடேறிக் கட்டைவிரலைப் பொசுக்கும், துணி சுற்றிக்கொள்ளுங்கள். தேக்கில் மணல் மாதிரியான சிலிக்கா இருப்பதால் பிசிறு சீக்கிரம் மழுங்கும். எனக்கு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வால்வுத் தண்டு வேண்டியிருந்தது.

சுரண்டின பலகையில் அமிலம் சட்டென்று இறங்கியது. வட்டத்துக்கு மட்டும் பூசினால் வெளுத்த நிலா ஒன்று உட்கார்ந்துவிடும் என்று பலகை முழுக்கப் பூசினேன். இரண்டாவது பூச்சில் வட்டம் காணோம். விஷம் என்பதால் காய்ந்த பொடியைத் துடைப்பத்தால் கிளப்பாமல், ஈரத்துணியால் துடைத்து, சோடா உப்புக் கரைசலில் ஒரு தடவையும் நல்ல தண்ணீரில் நாலு தடவையும் கழுவினேன்.

காலையில் பார்த்தால் கடுகு தாளித்தது போல ஒரு மூலையில் கறுப்புப் புள்ளிகள். தகட்டை ராவினது அதே மேடையில்! இரும்பு அரப்பொடியை ஊதிவிட்டால் போதும் என்று நினைத்த என் புத்தியைச் சொல்ல வேண்டும். மறுபடியும் பலகை முழுக்க ஒரு பூச்சு, மறுபடியும் நாலு கழுவல். ராவுவதெல்லாம் இனி மாடிப்படியில்தான்.

இப்போது பலகை திட்டுத்திட்டாக வெளுத்திருக்கிறது. தேக்கு வெளிச்சம் பட்டால் தானே பொன்னிறத்துக்கு வந்து சேரும், அதனால் சாயம் எதுவும் போடப்போவதில்லை. ஆளி விதை எண்ணெயை ஒரு ஓரத்தில் பூசிப் பார்த்தேன்; மூன்று நாளாகியும் ஒட்டுகிறது, மழை விட்டதும் மிச்சத்தைப் பூச வேண்டும். (எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போடுங்கள்.)

சிங்கு ஓரத்தில் முனை வெடித்து ஒரு கீறல் இருக்கிறது. அதற்கு எபாக்ஸிப் பசையும் தேக்குத் தூளும். தேக்கின் எண்ணெய்ப் பசைக்கு ஒட்டு பிடிக்காது, அசிட்டோனால் துடைத்த கையோடு ஒட்ட வேண்டும். அதற்குள் வால்வைச் சயாவிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். மெக்கானிக் கடையில் எனக்கென்று ஒன்று கேட்டு வைத்திருக்கிறேன், இன்னும் கிடைக்கவில்லை.