நாய்ச் சண்டை: ஓர் அட்மினின் ஆகஸ்ட்

ஆகஸ்ட் 12, 2025, செவ்வாய்

டெல்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடையுங்கள், திரும்பத் தெருவில் விடாதீர்கள் என்று உச்ச நீதிமன்றம் நேற்று சொன்னது. தீப்பிடித்தது பாளையங்கோட்டையில், எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில். 187 பேர். தண்ணீர் திறக்கும் நேரம், மின்தடை, கீழே கிடந்த சாவி, இதற்குத்தான் தொடங்கினோம்.

"இங்கேயும் எல்லாத்தையும் பிடிக்கணும்" என்றார் சார்வாள். போன மாதம் பேரனை நாய் கடித்தது. நாலு ஊசியில் 28ஆம் நாள் ஊசி இன்னும் பாக்கி. தினமும் ராத்திரி நாய்களுக்குச் சோறு வைக்கும் மூன்றாம் வீட்டு அக்கா பத்து வரியில் பதில் போட்டார். சூடுதான், ஆனால் பேச்சு. அப்புறம் இரவு 11.40க்கு, சூரிய அஸ்தமனப் படம் வைத்த ஓர் எண்: "சோறு வைக்கிறவங்களையும் சேர்த்து வண்டில ஏத்துங்க." கூடவே ஆறு சிரிப்புப் பொம்மைகள்.

ஆகஸ்ட் 13

தூக்கக் கலக்கத்தில் மூன்று பேர் எழுதியதையும் அழித்துவிட்டேன். அட்மின் யாருடையதையும் அழிக்கலாம் என்று 2022இல் வசதி வந்ததிலிருந்து கை அரிக்கத்தான் செய்கிறது. காலையில் பால் வாங்கப் போனால் சார்வாள் நிற்கிறார்.

"ஏம்பா, நான் சொன்னது தப்புன்னா சொல்லு. அந்தப் பயலையும் என்னையும் ஒரே தராசுல போட்டுட்டியே?"

பால் பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆகஸ்ட் 14

அட்மின் மட்டும் எழுதலாம் என்று பூட்டினேன். நிம்மதி.

ஆகஸ்ட் 16

தண்ணீர் விடியற்காலை நாலரைக்கே வந்து போய்விட்டதாம். பார்த்தவர்களால் குழுவில் சொல்ல முடியவில்லை. பாதித் தெரு குடத்தோடு என் வாசலில். திறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 17

"போலீஸ் வந்தா அட்மினத்தானே கேப்பாங்க?" என்கிறாள் மனைவி. அடுத்தவர் போட்டதற்காக, அட்மின் என்ற ஒரே காரணத்தால் குற்றவாளி ஆக்க முடியாது என்று 2021இல் பம்பாய் உயர் நீதிமன்றமும் 2022இல் கேரள உயர் நீதிமன்றமும் சொன்னதை எடுத்துக் காட்டினேன். "சார்வாளுக்கு எந்தக் கோர்ட்டு?" என்று கேட்டுவிட்டு மாவு ஆட்டப் போய்விட்டாள்.

ராத்திரி அஸ்தமனத்தின் பழைய பதிவுகளைத் தேடிப் படித்தேன். ஜூனில் கோயில் ஒலிபெருக்கிச் சண்டையில், வேண்டும் என்றவரையும் சீண்டியிருக்கிறான், வேண்டாம் என்றவரையும் சீண்டியிருக்கிறான். சொந்தமாக ஒரு கருத்து இல்லை. யாராவது பதில் போட்டால் இருபது பதிவு. எல்லோரும் சும்மா இருந்த அன்று அவனும் சும்மா. நீக்கினேன்.

ஆகஸ்ட் 18

வேறு எண்ணில் வந்துவிட்டான். அதே ஆறு பொம்மை. அழைப்பு இணைப்பை மாற்றாமல் விட்டது என் மடத்தனம். மாற்றினேன். சார்வாள் வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டேன். காபி கொடுத்தார்; கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

உத்தரவு மாறியது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிபிடித்ததையும் மூர்க்கமானதையும் விடக்கூடாது. சோறு ஒதுக்கிய இடத்தில் மட்டும். இரண்டு கட்சியும் ஜெயித்துவிட்டதாகக் குழுவில் ஒரே ஆரவாரம். 64 பதிவுகள். ஒன்றையும் அழிக்கவில்லை.

ஆகஸ்ட் 24

சார்வாள் கேட்டிருந்தார்: "நம்ம தெருவில் கருத்தடை ஆன நாய் எத்தனை?" காதில் வெட்டு அடையாளம் உள்ள மூன்று நாய்களின் படத்தை அக்கா போட்டார்.

"படம் தெளிவாக இல்லை. பகலில் எடுத்துப் போடவும்" என்றார் சார்வாள்.