இழுத்தால்தான் தெரியும்: மலக்குடல் அறுவை சிகிச்சை கற்ற அனுபவம்

எம்.பி.பி.எஸ். முதலாண்டில் இடுப்புக்குழியை அறுத்துப் படித்தவர்களிடம் அங்கே என்னென்ன உறைகள் இருந்தன என்று கேட்டுப்பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. ஃபார்மலினில் ஊறி விறைத்த உடலில் கொழுப்பும் நரம்பும் இணைப்புத் திசுவும் ஒரே பழுப்பு நிறத்தில் ஒட்டிக் கிடக்கும். தமனியைத் தேடும் அவசரத்தில் இணைப்புத் திசுவைப் பிய்த்து வாளியில் போடுவோம். பின்னாளில் குடல் அறுவை சிகிச்சையில் எம்.சிஎச். என்ற மேற்படிப்பில் சேர்ந்தபோதுதான், வாளியில் போட்டது எதுவோ அதுவே இனி என் பாடம் என்று தெரிந்தது.

சேர்ந்த புதிதில் எனக்குக் கிடைத்த வேலை ரிட்ராக்டர் பிடிப்பது. கத்தியோ, மின்சாரச் சூட்டால் திசுவை வெட்டி ரத்தத்தை நிறுத்தும் டயதெர்மியோ கைக்கு வராது. நீண்ட வளைந்த தகட்டை மலக்குடலுக்குப் பின்னால் செருகி, முன்னோக்கித் தூக்கியபடி மணிக்கணக்கில் நிற்க வேண்டும். தண்டனை போலத்தான் தோன்றியது. ஆனால் மலக்குடல் புற்றுநோய் அறுவையின் பாதி அந்த இழுப்பில்தான் இருக்கிறது. சரியான திசையில், சரியான அழுத்தத்தில் தூக்கினால், அதுவரை வெறும் கொழுப்பாகத் தெரிந்த இடத்தில் பஞ்சுமிட்டாயைப் பிய்க்கும்போது தோன்றுவது போன்ற வெண்ணிற இழைகள் விரியும். கைசோர்ந்து தளர்த்தினால் அடுத்த நொடியே மறைந்துவிடும். “வெட்டுவதற்கு அவசரம் இல்லையப்பா, முதலில் காட்டு” என்பார் எங்கள் துறைத் தலைவர். “காட்டிவிட்டாய் என்றால் வெட்ட யாரும் வெட்டலாம்.”

அந்த இழைகள் இருக்கும் இடம் எது? மலக்குடல் வெறும் குழாய் அல்ல. அதன் பின்புறமும் பக்கங்களிலும் கொழுப்பு, நிணநீர்க் கணுக்கள், ரத்தக்குழாய்கள் சேர்ந்த மெத்தை ஒன்று உண்டு, மீசோரெக்டம் என்பார்கள். அந்த மெத்தையை மெல்லிய உறை ஒன்று மூடியிருக்கிறது. இடுப்புச் சுவருக்கும் தனியாக ஓர் உறை உண்டு. இரண்டுக்கும் நடுவில் ரத்தக்குழாய் ஏறக்குறைய இல்லாத தளர்ந்த இணைப்புத் திசு; இழுத்தால் விரியும் இழைகள் இவைதான். அந்தத் தளத்திலேயே போனால் ரத்தமும் குறைவு, நரம்பும் பிழைக்கும், புற்றுநோய் பரவியிருக்கக்கூடிய மெத்தையும் முழுதாக வெளியே வரும்.

இங்கிலாந்தில் பேசிங்ஸ்டோக் ஊரின் அறுவை மருத்துவர் பில் ஹீல்ட் 1982இல் வெளியிட்ட கட்டுரைதான் இதில் திருப்புமுனை. கண்ணுக்குத் தெரியும் கட்டியின் கீழ் விளிம்பையும் தாண்டிப் பல சென்டிமீட்டர் கீழே, மெத்தைக்குள் நுண்ணிய புற்றுத் திட்டுகள் இருந்த ஐந்து பேரை அதில் அவர் காட்டினார். கைவிரலால் துழாவிப் பிரித்தெடுக்கும் பழைய முறையில் அந்த மெத்தை கிழிந்து, மிச்சம் உள்ளேயே தங்கிவிடும். அதே இடத்தில் நோய் திரும்ப வருவதற்கு அதுவே பெரிய காரணம் என்பது அவர் வாதம். சில ஆண்டுகள் கழித்து இந்தத் தளத்தைப் ‘புனிதத் தளம்’ என்றே எழுதினார். எனக்கு அந்தப் பெயர் கொஞ்சம் அதிகப்படியாகத்தான் பட்டது, முதன்முதலாகக் கையில் டயதெர்மி வரும்வரை.

பின்பக்கம்தான் தொடக்கம். முதுகெலும்பின் அடியில் இடுப்புக்குப் பின்னால் இருக்கும் சேக்ரம் எலும்பின் மேல் முகட்டில், பெருந்தமனி பிரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே, வயிற்று உறையைத் திறந்ததும் இரண்டு நரம்புகள் கவட்டை போலப் பிரிந்து இறங்குவதைத் தேட வேண்டும். அவற்றைச் சுவரோடு விட்டுவிட்டு முன்னால் போனால் வழி சரி. இவை அறுபட்டால் ஆண்களுக்கு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் திரும்பிவிடும். கொஞ்சதூரம் இறங்கும்வரை எல்லாம் சுகமாகப் போகும். சேக்ரத்தின் மூன்றாவது, நான்காவது துண்டுகள் வருமிடத்தில் சட்டென்று நின்றுவிடும். அங்கே எலும்பின் உறையிலிருந்து மெத்தையின் உறைக்குத் தடித்த பட்டை ஒன்று போகிறது. வால்டேயர் என்ற உடற்கூற்றியலாளரின் பெயரால் அழைப்பார்கள். அதைக் கண்ணால் பார்த்துக் கூராக வெட்ட வேண்டும். விரலால் தள்ளினால் ஒன்று மெத்தை கிழியும், இல்லையென்றால் எலும்பின் உறை உரியும். உரிந்தால் அடியில் இருப்பவை வால்வு இல்லாத சிரைகள். அறுந்ததும் எலும்புத் துளைக்குள் சுருங்கிக்கொள்ளும். தைக்க முடியாது, சுட்டால் இன்னும் பீறிடும். இதற்காகவே எலும்பில் குத்தி அழுத்தும் டைட்டேனியம் ஊசிகளை வைத்திருக்கிறார்கள். வயிற்றுத் தசையில் ஒரு துண்டை எடுத்து அந்த இடத்தில் வைத்து அழுத்தி, அதன்மேல் டயதெர்மி கொடுப்பதும் உண்டு.

பக்கவாட்டைப் பற்றிப் புத்தகங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ‘பக்கவாட்டுத் தசைநார்’ என்று பழைய நூல்கள் படம் போட்டிருக்கும். உள்ளே பார்த்தால் நரம்புக் கிளைகளும் கொழுப்பும்தான். நடு மலக்குடல் தமனி சிலருக்கு இருக்கும், சிலருக்கு இருக்காது. அந்தப் படத்தை நம்பிக் கவ்வியைப் போட்டுக் கட்டினால், கவ்விக்குள் சிக்குவது விறைப்புக்கும் சிறுநீர் கழிப்பதற்கும் உரிய நரம்பு வலையாக இருக்கலாம். பெயரை மறந்துவிட்டுப் பின்பக்கத்தில் பிடித்த அதே தளத்தைப் பக்கத்துக்கும் கொண்டுவருவது எனக்கு எளிதாக இருந்தது.

முன்பக்கம் கடினம், அதுவும் ஆண்களின் குறுகிய இடுப்பில். மலக்குடலுக்கும் விந்துப்பை, புராஸ்டேட்டுக்கும் நடுவே பிரெஞ்சு மருத்துவர் டெனான்வில்லியே 1836இல் விவரித்த உறை இருக்கிறது. அதற்கு முன்னால் போவதா பின்னால் போவதா என்பது இன்றும் தீராத விவாதம். எங்கள் துறையின் வழக்கம் இதுதான்: கட்டி முன்சுவரில் இருந்தால் உறையையும் சேர்த்து எடு, இல்லையென்றால் உறையை விட்டுவிடு. கடிகார முள்ளின் 10 மணி, 2 மணித் திசைகளில் நரம்புக் கற்றைகள் மிக நெருங்கி வருகின்றன. அங்கே டயதெர்மியின் அளவைக் குறைத்து, ரத்தம் கசிந்தால் பஞ்சு வைத்துப் பொறுத்திருப்போம்.

எடுத்த உறுப்பை நானே நோயியல் துறைக்குக் கொண்டுபோகும் பழக்கம் எனக்கு உதவியது. ஆசிரியரின் பாராட்டை அங்கே யாரும் கேட்பதில்லை. மெத்தையின் மேற்பரப்பு வழவழப்பாக முழுமையாக இருக்கிறதா, பள்ளம் விழுந்திருக்கிறதா, தசையே தெரிகிறதா என்று மூன்று தரமாகப் பிரித்துவிடுவார்கள். பிறகு மை பூசி, குறுக்கே சீவி, கட்டிக்கும் விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளப்பார்கள். 1 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு என்றால் விளிம்பில் நோய் இருப்பதாகவே கணக்கு. அறுவைக்கு முந்தைய எம்.ஆர்.ஐ.யில் இதே உறை மெல்லிய கறுப்புக் கோடாகத் தெரியும். அந்தப் படத்தையும் சீவிய துண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது எந்த வகுப்பைவிடவும் அதிகம் சொல்லித்தந்தது.

நரம்பு பிழைத்ததா என்பதை மட்டும் நோயியல் துறை சொல்லாது. நோயாளிதான் சொல்ல வேண்டும், அவரும் கேட்காமல் சொல்லமாட்டார். “எல்லாம் நன்றாக இருக்கிறது, டாக்டர்” என்று சொன்ன பெரியவர் ஒருவர், மகள் மருந்து வாங்க வெளியே போனதும் கதவைப் பார்த்துவிட்டு, “தம்பி, இன்னொன்று கேட்க வேண்டும்” என்றார். அதிலிருந்து அறுவைக்கு முன்பே, உறவினரை வெளியே அனுப்பிவிட்டு, சிறுநீர் எப்படிப் போகிறது, தாம்பத்தியம் எப்படி இருக்கிறது என்று கேட்டு கேஸ் ஷீட்டில் எழுதிவிடுகிறேன். நீரிழிவு உள்ளவருக்கு முன்பே குறை இருக்கலாம். கதிர்வீச்சும் தன் பங்குக்குச் செய்யும். முன்பு எழுதியது இல்லாமல், பின்னால் வந்த குறைக்கு எங்கள் கைதான் காரணமா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.