மரத்த காலும் வெந்நீர்த் தொட்டியும்

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் ஒரு சிறிய மசாஜ் நிலையத்தில், பாதத்துக்கு எண்ணெய் தேய்க்கும் பாதாப்யங்கம் கற்கச் சேர்ந்தபோது, பிறர் காலைத் தொட எனக்குத்தான் கூச்சம் வரும் என்று நினைத்திருந்தேன். கூசியவர்கள் வந்தவர்களே. வெடித்த குதிகாலைக் காட்ட வெட்கப்பட்டு, வீட்டிலேயே இருமுறை தேய்த்துக் கழுவிவிட்டு வருவார்கள்.

கற்றுக்கொடுத்தவர் கேரளத்தில் பயின்றவர். நாங்கள் அவரைச் சேச்சி என்று அழைத்தோம். முதல் இரண்டு வாரங்கள் எண்ணெயைத் தொடவே விடவில்லை. உள்ளங்காலின் நடுவே, நடுவிரலுக்கு நேராக இருக்கும் தலஹிருதயம், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையிலுள்ள க்ஷிப்ரம், கணுக்காலின் குல்பம் என்று பழைய ஆயுர்வேத ஆசிரியர் சுஸ்ருதர் சொன்ன 107 மர்மங்களில், அதாவது உடலின் உயிர்நிலைப் புள்ளிகளில், காலுக்குரியவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக் காட்ட வேண்டும். குமரி மாவட்டத்தில் பிறந்த எனக்கு வர்ம ஆசான்கள் சொல்லும் 'உள்ளங்கால் வெள்ளை' என்ற வர்மப் புள்ளி நினைவுக்கு வந்தது. அதைச் சொன்னபோது சேச்சி சிரித்துவிட்டு, அழுத்தத்தைக் குறை என்றார். பிறகுதான் நல்லெண்ணெய், கடைசியில் வெண்கலக் கிண்ணம். கிண்ணத்தால் தேய்க்கத் தேய்க்கப் பாதம் சாம்பல் நிறமாகும். உடலின் கழிவு வெளியேறுகிறது என்று வந்தவர்களிடம் சொல்லும் வழக்கம் எங்கள் நிலையத்தில் இருந்தது. உலோகம் எண்ணெயோடும் தோலோடும் உரசுவதால் வரும் நிறம் என்று தெரிந்த பின் அதைச் சொல்வதை நான் விட்டுவிட்டேன்.

சரகர் பெயரால் வழங்கும் ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானம் என்ற பகுதியின் ஐந்தாம் அத்தியாயம், பாதத்துக்கு எண்ணெய் தேய்ப்பதால் சொரசொரப்பு, விறைப்பு, வறட்சி, அயர்ச்சி, மரத்துப்போதல் ஆகியவை நீங்கும் என்கிறது. அந்தக் கடைசிச் சொல்லை நம்பித்தான் நான் தவறினேன்.

துணித் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் நின்றபடியே வேலை பார்த்த பாட்டி ஒருவர், நாங்கள் ஆயா என்போம், கால் மரத்துப்போகிறது என்று வந்தார். சரகர் சொன்னதே எதிரில் வந்து அமர்ந்திருக்கிறது என்ற மகிழ்ச்சியில், சர்க்கரை உண்டா என்று கேட்க மறந்தேன். வெந்நீர்த் தொட்டியில் அவர் காலை வைத்துச் சூடு சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். ஈஸ்டர் தோறும் அம்மன் கோயிலில் தீ மிதித்தவர் அவர். "அம்மா நெருப்புல மிதிச்ச காலு கண்ணு இது, தண்ணியா சுடப் போவுது?" என்றார். இருவரும் சிரித்தோம். நாள் முழுதும் வெந்நீரில் புழங்கிக் காய்த்துப்போன என் கைக்கும் அந்தச் சூடு தெரியவில்லை. மறுநாள் அவர் மகள் தொலைபேசியில் அழைத்தார்: இடது பாதத்தின் ஓரத்தில் கொப்புளம்.

புண் ஆறும்வரை நான் உறங்கியது குறைவு. சர்க்கரை நோயாளிக்குக் காலில் ஒரு சிறு கொப்புளம் எதில் போய் முடியும் என்பதை, அவருடன் கிளினிக்குக்குச் சென்றபோதுதான் முழுதாக அறிந்தேன். அங்கிருந்த செவிலியர் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்றால் பாதத்தை அங்கங்கே தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். பல இடங்களில் ஆயா பேசாமலே இருந்தார். நெடுநேரம் சம்மணமிட்டால் மரத்துப்போகும் காலும், நரம்பு கெட்டு உணர்விழந்த காலும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. பின்னதை என் எண்ணெய் திருப்பிக் கொண்டுவராது. அதைவிட, சூடு சரியா என்று அந்தக் காலுக்குரியவரையே கேட்டதுதான் என்னை உறுத்தியது. உணர முடியாத ஒன்றைப் பற்றி அவர் எனக்கு என்ன சாட்சி சொல்லியிருக்க முடியும்?

இப்போது சர்க்கரை உள்ளவர்களுக்கு வெந்நீர்த் தொட்டி கிடையாது. முதலில் விளக்கை அருகில் இழுத்து, விரலிடுக்கு, குதிகால், நகவோரம் என்று பார்க்கிறேன். புண்ணோ, ஒரு காலில் மட்டும் வீக்கமோ இருந்தால் தொடாமல் மருத்துவரிடம் அனுப்புகிறேன். எண்ணெயின் சூட்டை முன்கையின் உட்புறத்தில் சோதிக்கிறேன். விரலிடுக்கில் ஈரம் தங்கக் கூடாதென்பதால் அங்கே எண்ணெய் விடுவதில்லை. பார்ப்பதற்கே பத்து நிமிடம் போகிறது என்று நிலையத்தில் முணுமுணுப்பு உண்டு.

ஆயா மருத்துவரின் அனுமதியோடு மீண்டும் வரத் தொடங்கினார். மெதுவாகத்தான் தடவுகிறேன், இரவில் நன்றாக உறங்குவதாகச் சொல்கிறார். தொடங்கும் முன் அவர் கண்ணை மூடிக்கொள்ள, நான் ஒவ்வொரு விரலாகத் தொடுவேன், அவர் அந்த விரலின் பெயரைச் சொல்ல வேண்டும். சென்ற வாரம் அவருடைய இடது பெருவிரலைப் பிடித்தபடி காத்திருந்தேன். "என்ன கண்ணு, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றார்.