பின்பால் பெட்டியும் பக்க வருமானமும்

பாரில் நான் ஒரு பின்பால் மெஷின் வைத்திருக்கிறேன்: காசு போட்டு, ஃபிளிப்பர் என்ற சின்னத் துடுப்புகளால் எஃகுப் பந்தைத் தட்டி ஆடும் பெட்டி. இன்று அதன் காசுப்பெட்டியைத் திறக்கும் முன் மெஷினின் மேல் கண்ணாடியைக் கழற்றினேன். ஆட்டப் பலகை முழுக்கக் கறுப்புத் தூசி.

பந்தும், அதை உந்தும் காயில்களும் (மின்சுருள்கள்), ரப்பரும் தேய்ந்து சேருவது அது. துடைக்காவிட்டால் பந்தின் வேகம் குறையும். கீறல் விழுந்த பந்தை மாற்றாவிட்டால் உப்புத்தாள் மாதிரி பலகையின் பூச்சையே அராவிவிடும்.

"வைத்தால் போதும், காசு கொட்டுமாமே?" என்கிறார்கள். எங்கே கொட்டுகிறது! விழும் நாணயத்தில் பார்காரருக்கு ஒரு பங்கு. மீதியில் ரப்பர், பல்பு, ஃபிளிப்பர் உதிரிகள், அப்புறம் என் நேரம்.

பலகையின் சாய்வு சுமார் ஆறரை டிகிரி. குறைத்தால் ஆட்டம் நீண்டுகொண்டே போகும், காசு விழாது. கூட்டினால் பந்து சட்டென்று இறங்கிவிடும், ஆடியவர் மறுபடி வரமாட்டார்.

இந்த ஆட்டமே அதிர்ஷ்டம்தானே என்பார்கள். நியூயார்க் நகரமும் அப்படித்தான் நினைத்துச் சூதாட்டம் என்று 1940களில் தடை செய்தது. 1976இல் ரோஜர் ஷார்ப் என்ற பின்பால் ஆட்டக்காரர், இது திறமை என்று காட்ட நகர மன்றக் குழுவின் முன் ஆடினார். பந்து எங்கே போகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டு அடித்தார். தடை நீங்கியது.

ஆனால் பீர் கிளாஸைக் கண்ணாடி மேலேயே வைக்கிறவரிடம் இந்தக் கதை எடுபடாது. அவருக்காகப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை போடச் சொல்லியிருக்கிறேன்.