ஆளுக்கு ஆள், குரங்குக்குக் குரங்கு

5 அக்டோபர் 2024, சனி, டர்பன்

புரட்டாசிச் சனி. ஆயா படையலுக்கு இலை போடுவதற்குள் வெர்வெட் குரங்குக் கூட்டம் கூரைக்கு வந்துவிட்டது. முதலில் ஜன்னலில் கை விட்டது வழக்கம்போல அந்தக் காது கிழிந்தவள். வாயில் ஒரு வடை, கையில் ஒன்று. மற்றதெல்லாம் மதிலில் நின்று வேடிக்கை பார்த்தன. “குட்டியிலேயே அவ அப்படித்தான்” என்றார் ஆயா.

8 அக்டோபர், செவ்வாய்

ஆயா சொன்னதை, அதாவது ஒவ்வொன்றுக்கும் மாறாத சுபாவம் உண்டா என்பதை, சிம்பன்சிகளிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஐவரி கோஸ்ட்டின் டாய் காட்டில் இருபது ஆண்டுகளுக்கும் மேலான குறிப்புகளை வைத்துச் செய்த ஆய்வு, 2020இல் வெளியானது. யார் யாருக்குப் பேன் பார்க்கிறது, யார் யாரோடு முறைக்கிறது என்று காட்டில் நாள் முழுக்கப் பின்னால் நடந்து எழுதிய குறிப்புகள். பொறுமைக்குக் கோயில் கட்டலாம்.

சிம்பன்சிக் கூட்டம் ஒரே கும்பலாகத் திரிவதில்லை. சின்னச் சின்னக் குழுவாகப் பிரியும், அப்புறம் சேரும். அதனால் யாரோடு உட்காருவது என்பதில் அதற்குக் கொஞ்சம் சுதந்திரம் உண்டு. பழம் குறைந்த காலம், கூட்டத்தில் வந்த மாற்றம் இதையெல்லாம் கணக்கில் கழித்த பிறகும், ஒட்டி உறவாடுகிற சிம்பன்சி பல வருடம் கழித்தும் அப்படியே, ஒதுங்குகிற சிம்பன்சியும் அப்படியே.

இந்தக் கழித்தல்தான் முக்கியம். நம் காது கிழிந்தவள் துணிச்சல்காரியா, இல்லை பெரிய இடத்துப் பெண்ணா? வெர்வெட்டில் பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே இருந்துவிடும், அந்தஸ்தும் அம்மா வழியாக வரும். ஜன்னலில் அவள் முந்துவதை வைத்து மட்டும் குணம் என்று முடிவு கட்ட எனக்கு மனமில்லை.

12 அக்டோபர், சனி

இன்று ஜன்னலைச் சாத்தியிருந்தோம். குரங்குகள் மாமரத்தில் பேன் பார்த்துக்கொண்டிருந்தன. காது கிழிந்தவள் முதுகைக் காட்டி உட்கார்ந்தால் உடனே இரண்டு பேர் வந்துவிடுகிறார்கள். வால் குட்டையான இளம் ஆண் ஒன்று கிளையின் நுனியில் தனியாக.

அவன் இன்னும் கொஞ்ச நாளில் வேறு கூட்டத்துக்குப் போய்விடுவான், ஆண்களின் வழக்கம் அது. நம் குவாசுலு-நடால் மாகாணத்திலேயே காட்டு வெர்வெட்களுக்கு நீலமும் இளஞ்சிவப்புமாய்ச் சாயமேற்றிய மக்காச்சோளம் வைத்துப் பார்த்தார்கள். ஒரு நிறம் கசக்கும் என்று பழகிய ஆண், அதையே விரும்பித் தின்னும் கூட்டத்துக்குப் போனதும் பெரும்பாலும் ஊரோடு ஒத்துத் தின்றது. 2013இல் வந்த ஆய்வு. வாய் ருசி மாறும், சரி. ஒதுங்கும் சுபாவமும் மாறுமா? டாய் கணக்கைப் பார்த்தால் மாறாது என்றே பந்தயம் கட்டுவேன். ஆனால் அது சிம்பன்சி, இது வெர்வெட்.

ஆயாவிடம் கேட்டேன். “கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போன உன் மாமா மாறினானா?” என்று திருப்பிக் கேட்டார்.