தொடை வலியில் ஒளிந்திருந்த குடல் அடைப்பு

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் பொது அறுவை சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். குடல் அடைப்போடு யாராவது வராத வாரமே கிடையாது. பெரும்பாலும் காரணம் பார்த்ததுமே பிடிபட்டுவிடும். பழைய ஆபரேஷன் தழும்பு இருந்தால் உள்ளே குடல் ஒட்டிக்கொண்டிருக்கலாம். இடுப்பு மடிப்பில் வீக்கம் இருந்தால் ஹெர்னியா, அதாவது குடல் பிதுக்கம். இரண்டும் இல்லாமல் ஒரு பாட்டி வந்தார். அவருடைய நோயை எப்படிக் கண்டுபிடித்தோம், அதற்குப் பிறகு ஹவுஸ் சர்ஜன்களுக்கு (பயிற்சி டாக்டர்களுக்கு) சொல்லிக்கொடுக்கும் முறையை ஏன் மாற்றினேன் என்று எழுதுகிறேன்.

எழுபதைத் தாண்டிய வயது, மிகவும் மெலிந்த உடம்பு. விடாத வாந்தி, வயிறு உப்பல், மலமும் காற்றும் போகவில்லை. எக்ஸ்ரேயில் சிறுகுடல் நன்றாக விரிந்திருந்தது. மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூப், சலைன், யூரின் டியூப் என்று வழக்கமான வேலைகளை ஆரம்பித்தோம். வயிற்றில் தழும்பே இல்லை. இருமச் சொல்லிப் பார்த்தும் இடுப்பு மடிப்பில் எதுவும் தட்டுப்படவில்லை. பி.ஜி. மாணவர்கள் குடல் காசநோய், கட்டி என்று அடுக்கினார்கள். நம் ஊரில் அவை நியாயமான சந்தேகங்கள்தான்.

கேஸ் ஷீட் எழுதிய ஹவுஸ் சர்ஜன் பாட்டியின் மகளிடம் நிறையப் பேசியிருந்தார். ரவுண்ட்ஸ் அடுத்த படுக்கைக்கு நகரும்போதுதான், "சார், வலது தொடை உள்பக்கம் முழங்கால் வரைக்கும் சுரீர்னு இழுக்குதாம். மாசக்கணக்கா இருக்காம். காலை மடக்கி வச்சாத்தான் தூக்கமே வருதாம்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். மூட்டுத் தேய்மானம் என்று நினைத்து அதுவரை வலி மாத்திரை சாப்பிட்டு வந்திருக்கிறார் பாட்டி.

வலது காலை நீட்டி, அகட்டி, உள்பக்கமாகத் திருப்பினோம். துடித்துப்போனார். மடக்கியதும் வலி தணிந்தது. இதற்கு ஹௌஷிப்-ராம்பெர்க் அறிகுறி என்று பெயர். இடுப்பெலும்பின் கீழ்ப்பகுதியில் இருக்கும் ஆப்டுரேட்டர் துவாரத்தை ஒரு சவ்வு மூடியிருக்கும். அதன் மேல் ஓரத்தில் நரம்பும் ரத்தக்குழாயும் போக ஒரு சின்ன வழி உண்டு. அந்த வழியில் கொழுப்பு நிறைந்திருக்கும்வரை தொந்தரவு இல்லை. வயதாகி உடம்பு கரைந்ததும் குடல் அதற்குள் நுழைந்து சிக்கிக்கொள்ளும். இதுதான் ஆப்டுரேட்டர் ஹெர்னியா. பெண்களுக்கு இடுப்பெலும்பு அகலம் என்பதால் அவர்களுக்கே அதிகம் வருகிறது. இடது பக்கத்தைப் பெருங்குடலின் சிக்மாய்டு பகுதி மறைத்துக்கொள்வதால் வலது பக்கத்தில்தான் அதிகமாகப் பார்க்கிறோம். தொடைத் தசைகளுக்கு அடியில் இருப்பதால் வெளியே வீக்கம் தெரியாது; நரம்பு நசுங்கும் வலி மட்டும்தான் துப்பு. மொத்த ஹெர்னியாக்களில் இது நூற்றில் ஒன்றுகூடத் தேறாது. இந்த வலியும் எல்லோருக்கும் இருப்பதில்லை என்பதால், வலி இல்லை என்று சந்தேகத்தைக் கைவிடவும் கூடாது.

சி.டி. படிவத்தில் 'தொடையின் மேல்பகுதி வரை எடுக்கவும்' என்று எழுதி அனுப்பினோம். பெக்டினியஸ், ஆப்டுரேட்டர் எக்ஸ்டெர்னஸ் ஆகிய இரு தசைகளுக்கு நடுவே குடல் வளையம் தெளிவாகத் தெரிந்தது. அன்றிரவே ஆபரேஷன் தியேட்டர்.

அவசர ஆபரேஷன் என்றாலே முதலில் கைவிடப்படுவது உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல்தான். 2008-இல் வந்தது, மொத்தம் 19 அம்சங்கள். மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்கும் முன், நோயாளி தியேட்டரை விட்டுப் போகும் முன் என மூன்று இடங்களில் நின்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். டெல்லி உட்பட 8 நகரங்களில் உள்ள மருத்துவமனைகளில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும் குறைந்தன. வகுப்பில் இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அப்புறம் பார்த்தால், மூன்று பகுதிக்கும் வார்டிலேயே டிக் அடித்த தாள் தியேட்டருக்கு வரும். எனக்கு இதைவிடக் கோபம் வருவது வேறு எதற்கும் இல்லை.

அன்று அந்த ஹவுஸ் சர்ஜன் கையிலேயே டிக் அடிக்காத பட்டியலைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். ஒவ்வொருவரும் பெயரும் வேலையும் சொன்னோம். வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகும் அபாயத்தை மயக்க மருந்து டாக்டர் சொன்னார். ஆன்டிபயாடிக் எப்போது போட்டது என்று கேட்டு உறுதிசெய்தோம். வயிற்றைத் திறந்து குடலை மெதுவாக விடுவித்தபோது ஒரு சிறு பகுதி கறுத்துப்போயிருந்தது. அதை வெட்டி இணைத்து, துவாரத்தைத் தையல் போட்டு மூடினோம். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்ததால் சீக்கிரம் மூடிவிடலாம் என்ற அவசரம் எல்லோருக்கும். அப்போது, "சிஸ்டர், மாப் கணக்கு?" என்று அந்த ஹவுஸ் சர்ஜனே கேட்டார். வயிற்றுக்குள் வைத்த துணிகளை எண்ணினோம், சரியாக இருந்தது. 2003-இல் வந்த ஓர் ஆய்வு, அவசர ஆபரேஷனிலும் திட்டம் நடுவில் மாறும்போதும்தான் துணியோ கருவியோ உள்ளே தங்கிவிடும் ஆபத்து அதிகம் என்று காட்டியது. எங்களுக்கு அன்று இரண்டும் பொருந்தியது. பாட்டி குணமாகி வீட்டுக்குப் போனார்.

ரவுண்ட்ஸில் அந்த ஹவுஸ் சர்ஜன் காட்டிய தயக்கம்தான் என் மனதில் நின்றது. படுக்கையைத் தாண்டும்வரை அவர் வாயைத் திறக்காததற்குக் காரணம் அவர் இல்லை, எங்கள் ரவுண்ட்ஸ் நடக்கும் விதம். பெரியவர்கள் ஒரு நோயின் பெயரைச் சொல்லிவிட்டால் சின்னவர் அதற்கு மேல் பேசமாட்டார். இப்போது எங்கள் யூனிட்டில் ஹவுஸ் சர்ஜன்தான் முதலில் பேச வேண்டும், பேராசிரியர் கடைசியில்.

தியேட்டர் பாடத்தையும் நடித்துத்தான் காட்டுகிறேன். வலது பக்க ஹெர்னியா என்று கேஸ் ஷீட்டில் இருக்கும். நான் வேண்டுமென்றே இடது பக்கம் கத்தி கேட்பேன். ஆரம்பத்தில் யாரும் தடுக்கவில்லை. பலருக்குத் தவறு என்று தெரிந்திருந்தது, ஆனாலும் கத்தி என் கைக்கு வந்தது. திரும்பத் திரும்பச் செய்தபின் "சார், நிறுத்துங்க" என்ற சொல் இப்போது சுலபமாக வருகிறது. பட்டியலைப் படித்து முடிக்காமல் கத்தியைக் கொடுக்கக் கூடாது என்று ஸ்டாஃப் நர்ஸ்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

இரவு டியூட்டியில் இன்னும் சிரமம்தான். ஒரே நர்ஸ் இரண்டு டேபிளைப் பார்க்கும் நாளில் பட்டியல் நழுவிவிடுகிறது. முதல் பகுதியைப் படிக்காமல் மயக்க மருந்து தொடங்குவதில்லை என்று முடிவெடுக்க மயக்க மருந்துத் துறையோடு பேசிக்கொண்டிருக்கிறோம்.